மார்க்கிங் போடாமல் ரம்பம் வைக்காதே!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுதலாம் என்றால் அரியர்ஸ் பேப்பர்கள் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. ஆகவே நண்பர்களே, பிட்டிங் ஷாப்பில் முதல் நாள் நாம் கற்ற ஒரு பாடம் எங்கள் பெரியப்பாவின் நெஞ்சுக்குள் போய் நின்ற கதையை எழுதுகிறேன். மெக்கானிக்கல் பையனுக்கு நுரையீரலில் என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசி வரை படித்தால் உங்களுக்கும் அதில் வேலை இருக்கிறது.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். கடலூர் ரோட்டு ஏ.எஃப்.டி. மில்லைத் தெரியாதவர் புதுச்சேரியில் யார்? 1898-இல் ஆரம்பித்த மில். எங்கள் தெருக் கிழவர்கள் இன்றும் அதை 'ரோடியர் மில்' என்றுதான் சொல்வார்கள். 2020-இல் மூடிவிட்டார்கள். பெரியப்பா அங்கே மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்து, மூடுவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். மில் சங்கு ஊதுவது நின்றாலும் அவருடைய நேரம் மாறவில்லை. காலையில் எழுந்து டூல் பாக்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். தெருவில் கேட் கீல் உடைந்தாலும் மாவு மெஷின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

2022-இல் நான் டிப்ளமோ சேர்ந்தேன். முதல் பிட்டிங் ஜாபை அவசரத்தில் கோணலாக அறுத்து, வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா அந்தத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டேய், டிராயிங் பேப்பர்ல இருக்கு. நீ அறுக்கிறது இரும்பு. பேப்பர்ல இருக்கிற கோட்டை இரும்பு மேல கொண்டாந்து வைக்கலைன்னா ரம்பத்துக்கு எப்படிடா தெரியும்? மார்க்கிங் போடாம ரம்பம் வைக்காதே."

அதோடு விடவில்லை. ஸ்க்ரைபரால் கோடு கிழித்து, அதன் மேல் வரிசையாக டாட் பஞ்ச் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். "கோடு கை பட்டா அழியும். புள்ளி அழியாது. ஃபைல் போட்டு முடிச்சப்புறம் பாதிப் புள்ளி மிச்சம் நிக்கணும். அதுதான் சாட்சி. நாளைக்கு நீ லீவு போட்டு வேற ஒருத்தன் அந்த ஜாபை எடுத்தாலும் அவனுக்கும் அது பேசும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. பெரியப்பாவுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். ஸ்கேன் சென்டரில் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான்தான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பெரியம்மா ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "என்னப்பா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றார். கொரோனா பாதிப்பு குறைவு என்று மேலே இருந்தது. அதைச் சொன்னதும் வீடே மூச்சு விட்டது. கீழே கடைசி வரியில், வலது நுரையீரலின் கீழ் மடலில் 6 மி.மீ. அளவில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது, 6 முதல் 12 மாதத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அந்த வரியையும் நான் படித்தேன். 6 மி.மீ. என்றால் கொத்துக்கடலை அளவுகூட இல்லையே! பயப்படுகிற நேரத்தில் இது எதற்கு என்று நினைத்து, "வேற ஒண்ணும் இல்ல பெரியம்மா" என்று மடித்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் கவர் பீரோவுக்கு மேலே போய்விட்டது.

2024 பிப்ரவரியில் விடாத இருமலுக்காக மறுபடி சி.டி. எடுத்தபோது, டாக்டர் பழைய ரிப்போர்ட் ஏதாவது உண்டா என்று கேட்டார். பீரோ மேலிருந்து கவரை எடுத்தபோது என் கை நடுங்கியது. அதே முடிச்சு, அதே இடம். இப்போது 10 மி.மீ.

6-க்கும் 10-க்கும் வித்தியாசம் 4 தானே என்று தோன்றும். உருண்டையின் கன அளவு விட்டத்தின் முப்படி விகிதத்தில் ஏறும் என்று நமக்குத் தெரியும். 10-ஐ 6-ஆல் வகுத்து முப்படி எடுத்துப் பாருங்கள்: 4.6 மடங்கு! கால்குலேட்டரில் அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். 3 செ.மீ. வரை உள்ள கட்டியைத்தான் முடிச்சு என்கிறார்கள். அதில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நம் நாட்டில் ஆறிப்போன காசநோய்த் தழும்பே பல பேருக்கு இப்படித் தெரியும். அமெரிக்காவில் புகைபிடித்த பழக்கமுள்ள 53,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. அதில் சி.டி.யில் சந்தேகம் என்று வந்தவற்றில் சுமார் 96 சதவீதம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் வெறும் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்ததுதான் காரணம்.

"பஞ்சுத் தூசியால வந்திருக்குமா டாக்டர்?" என்று பெரியம்மா கேட்டார். பஞ்சுத் தூசி நோய் வேறு மாதிரி என்றார் அவர். பிஸினோசிஸ் என்று பெயர். லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள், அதாவது திங்கட்கிழமை, நெஞ்சு இறுகும். இந்த முடிச்சுக்கு அவர் பீடியைத்தான் சந்தேகப்பட்டார். பெரியப்பா பத்து வருஷம் முன்பே பீடியை விட்டவர். அதற்கு முன் முப்பது வருஷம் பிடித்தவர்.

முடிச்சு வளர்ந்திருப்பதால் எடுத்துவிடுவது என்று முடிவானது. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கலாம்தான்; இவ்வளவு சின்னதில் ஊசி தப்பிவிட்டால் 'ஒன்றுமில்லை' என்று வரும் முடிவை நம்பிவிட முடியாது. நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல், விலா இடுக்கில் இரண்டு மூன்று சிறு துளை போட்டு, கேமரா விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே வெட்டி எடுக்கும் ஆபரேஷன். ஜகோபேயஸ் என்ற ஸ்வீடன் டாக்டர் நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததை 1910-லேயே எழுதிவிட்டார். வீடியோ கேமராவும் அதற்கேற்ற கருவிகளும் வந்த பிறகு, 1990-களில்தான் இந்த முறையில் பெரிய ஆபரேஷன்கள் பரவின. வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம்.

எல்லாவற்றையும் கேட்ட பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரிங்க சார். உள்ளே அது எங்கே இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மார்க்கிங் எப்படிப் போடுவீங்க?"

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். பிட்டர் என்றதும் சிரித்துக்கொண்டே, "அதான் சரியான இடத்துல கை வெச்சுட்டீங்க" என்றார்.

நண்பர்களே, விஷயம் இதுதான். சி.டி. எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் பலூன் மாதிரி விரிந்திருக்கிறது. முடிச்சு இத்தனையாவது விலாவுக்கு நேரே, மேலுறையிலிருந்து 18 மி.மீ. ஆழத்தில் என்று படம் கச்சிதமாகச் சொல்கிறது. ஆனால் ஆபரேஷன் செய்ய உள்ளே இடம் வேண்டும். இரட்டைக் குழாய் போட்டு ஒரு நுரையீரலுக்கு மட்டும் மூச்சு கொடுத்து, மற்றதைச் சுருங்க விடுவார்கள். காற்றுப் போன பந்தைப் போல அது சுருண்டுவிடும். படத்தில் இருந்த அளவு எதுவும் அப்போது செல்லாது! நமக்கு சர்ஃபேஸ் பிளேட் அசையாது, டேட்டம் மாறாது. அங்கே ஜாபே சுருங்குகிறது, டேட்டமும் கூடவே நகர்கிறது.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த காலத்தில் சர்ஜன் கையை உள்ளே விட்டு, பஞ்சு மூட்டையில் கல் தேடுவது போல் தடவிக் கண்டுபிடித்தார். துளை வழியாகப் போகும்போது அந்தக் கை இல்லை. துளைக்குள் ஒரு விரல் போகும், எட்டிய வரை தடவும். சில முடிச்சுகள் தேய்த்த கண்ணாடி போல மங்கலாக, கெட்டிப்படாமல் இருக்கும்; அவை விரலுக்கும் அகப்படாது. ஜப்பான் மருத்துவர்கள் 1999-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: முடிச்சு 10 மி.மீ.க்குள் இருந்து, மேலுறையிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் ஆழத்தில் இருந்தால், அடையாளம் போடாமல் போனால் கண்டுபிடிக்க முடியாமல் போகும் வாய்ப்பு 63 சதவீதம்! பெரியப்பாவின் முடிச்சு சரியாக அந்தக் கணக்கில் வந்து நின்றது.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? நெஞ்சைப் பெரிதாகத் திறக்க வேண்டும். அல்லது உத்தேசமாகப் பெரிய பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அதிலும் முடிச்சு இல்லாமல் போகலாம்.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே அடையாளம் போடுகிறார்கள். முறைகள் பல. ஒன்று, சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி வழியாக நுனியில் கொக்கி உள்ள மெல்லிய ஒயரை முடிச்சுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவது. முதலில் பெண்களுக்கு மார்பகக் கட்டிக்காக வந்த ஒயர்தான் இது. இரண்டாவது, மெத்திலீன் புளூ சாயம் ஏற்றுவது; நாம் தகட்டில் நீலம் தடவுகிற மாதிரி. மூன்றாவது, சுருள் கம்பியை வைத்துவிட்டு ஆபரேஷன் டேபிளில் எக்ஸ்ரே மூலம் தேடுவது. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரவைப்பதும் உண்டு. மூச்சுக்குழாய் வழியாகவே போய் அடையாளம் வைக்கும் முறையும் வந்துவிட்டது.

ஒவ்வொன்றிலும் ஒரு குறை. ஒயர் குத்தும்போது நுரையீரலிலிருந்து காற்று கசியலாம். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரைப்படி ஒயர் போட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குக் கசிந்தது. சுருள் கம்பியில் 16 சதவீதம். பெரும்பாலும் லேசான கசிவுதான். ஒயர் நழுவியும் விடலாம். மெத்திலீன் புளூ நேரம் ஆக ஆகப் பரவி மங்கிவிடும். புகை படிந்து கறுத்த நுரையீரலில் நீலம் சரியாகத் தெரியாது.

"ஒரு மார்க்கை நம்பக் கூடாது சார்" என்றார் பெரியப்பா. "நம்பலீங்க ஐயா. உங்களுக்கு ஒயரும் போடுறோம், ஒரு சொட்டு நீலமும் வைக்கிறோம்" என்றார் சர்ஜன்.

அன்று காலை சி.டி. அறையில் பெரியப்பாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது, மரத்துப்போகும் ஊசி மட்டும். ஒயர் போட்டவர் ஒரு டாக்டரம்மா. "ஐயா, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மூச்சு இழுத்துப் பிடிக்கணும். கூடக் குறைய இழுத்தீங்கன்னா இடம் மாறிடும். இருமவே கூடாது" என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா பிறகு என்னிடம் சொன்னார்: "ஃபைல் போடுற மாதிரிதான்டா. ஒரே அளவு ஸ்ட்ரோக். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே கிடந்தேன்." இருமலுக்காக ஸ்கேன் எடுக்கப் போன மனுஷர், அந்த இருபது நிமிஷமும் ஒரு முறைகூட இருமவில்லை.

ஒயர் போட்டதும் வெளி நுனியை முதுகில் பஞ்சு வைத்துத் தளர்வாக ஒட்டி, நேரே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் லிஃப்ட் வரை ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்போதுதான் சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா, 2021-லேயே அந்த ரிப்போர்ட்ல போட்டிருந்துச்சு. நான் படிச்சேன். சொல்லலை."

அவர் தலையைத் திருப்ப முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். "தெரியும்டா. டாக்டர் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசினப்பவே உன் மூஞ்சியைப் பார்த்தேன்" என்றார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

ஒன்றரை மணி நேரம் என்றார்கள். நான்கு மணி நேரம் ஆனது. பெரியம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உள்ளே நடந்ததைப் பிறகு சர்ஜனே வீடியோவில் காட்டினார். நுரையீரலைச் சுருங்க விட்டதும் ஒயர் நழுவியிருந்தது! காரணம் நமக்குப் புரியக்கூடியதுதான். ஒயரின் ஒரு நுனி நெஞ்சுச் சுவரில், மறு நுனி நுரையீரலில். சுவர் அசையாது; நுரையீரல் சுருங்கி விலகும். தளர்வாக விட்டிருந்தும் இழுவை தாங்காமல் கொக்கி கழன்றுவிட்டது. கேமராவில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகக் கரி படிந்த நுரையீரல். அந்தக் கறுப்பில் எங்கே நீலத்தைத் தேடுவது? உப்பு நீர் விட்டுக் கழுவி, கேமராவை மிக அருகில் கொண்டுபோய், மெல்லப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் மங்கலாக ஒரு நீலத் திட்டு. அதன் நடுவே கடுகளவு ரத்தப் பொட்டு. ஒயர் குத்தி வெளியேறிய துளை. இரண்டும் ஒரே இடத்தில்.

கோடு அழிந்துவிட்டது. புள்ளி மிச்சம் இருந்தது.

அந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக விளிம்பு விட்டு, தைத்துக்கொண்டே வெட்டும் ஸ்டேப்ளர் கருவியால் ஒரு துண்டை எடுத்தார்கள். வெளியே வைத்துக் கீறிப் பார்த்தால் நட்ட நடுவில் முடிச்சு. உடனே உறைய வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அரை மணியில் சொல்லிவிட்டார்கள்: புற்றுநோய். அதே துளைகள் வழியாக அந்தக் கீழ் மடல் முழுவதையும், பக்கத்து நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். 2 செ.மீ.க்குள் ஓரமாக இருந்தால் முழு மடலை எடுக்காமல் ஒரு கூறை மட்டும் எடுத்தாலும் போதும் என்று 2022-இல் ஜப்பானில் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. பெரியப்பாவுக்கு இருந்த இடத்துக்கு மடலை எடுப்பதே நல்லது என்று முடிவு செய்தார்களாம். எடுக்கும் அளவு குறையக் குறைய, அடையாளம் இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும் என்றும் சர்ஜன் சொன்னார். சின்ன ஜாபுக்குத்தானே டாலரன்ஸ் இறுக்கம்!

நெறிகட்டிகளில் எதுவும் பரவவில்லை. முதல் கட்டம். கீமோ வேண்டாம் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இரண்டு முறை எடுத்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது. பெரியப்பா கடலூர் ரோட்டில் நடக்கிறார். ரயில்வே கேட் வரை போனால் மூச்சு வாங்குகிறது. நின்று மில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

நான் இதிலிருந்து புரிந்துகொண்டது ஒன்றுதான். பார்ப்பது ஒரு வேலை. பார்த்ததை அடுத்தவன் கைக்குக் கிடைக்கும்படி அடையாளம் வைத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. முதல் எக்ஸ்ரேயை 1895-இல் ரான்ட்ஜன் எடுத்தார். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. மெஷின் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. இன்று 2 மி.மீ. புள்ளிகூடப் படத்தில் தெரிகிறது. ஆனாலும் அந்தப் புள்ளியைச் சர்ஜனின் கை வரை கொண்டு சேர்க்க ஒரு கொக்கியும் ஒரு சொட்டு நீலமும் தேவைப்படுகின்றன. 2021-இல் ரிப்போர்ட் எழுதிய அந்த முகம் தெரியாத டாக்டரும் தன் பங்குக்கு ஒரு புள்ளி வைத்துத்தான் அனுப்பினார். அது அடுத்த டாக்டருக்கு வைத்த மார்க்கிங். நடுவில் நின்று அதை அழித்தவன் நான்.

என் வகுப்புத் தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். ரேஷன் கார்டு முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வரை நம் கையில்தான் வந்து சேர்கிறது. அப்பா அம்மாவின் பழைய சி.டி. கவர்கள் உங்கள் வீட்டு பீரோ மேலும் இருக்கும். இன்று சாயங்காலம் போய் எடுங்கள். முதல் வரியைவிடக் கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள். 'மறுபடி பார்க்கவும்' என்று இருந்தால் மடித்து வைக்காமல், தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்தக் கவரோடு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பயமுறுத்த வேண்டாம். மறைக்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் அடுத்த ஸ்கேன் தேதியை நான்தான் வட்டமிட்டேன். மறுநாள் காலை பார்த்தால், அந்த வட்டத்தின் மேல் சுற்றிலும் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அழுத்திப் புள்ளிகள். பெரியப்பாவைக் கேட்டேன்.

"கோடு மட்டும் போட்டா போதுமாடா?" என்றார்.

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்